மடற்குழுவும் கேள்வி மரபும்

நூலொன்றைக் கற்பான் ஒருவன் அதனை ஆசிரியன்பால் எத்துணைச் செவ்விதாகக் கேட்டானாயினும், அவ்வாற்றான் அவன் எய்தும் புலமை காற்பங்கே என்றும், உடன் பயில்வாரோடு கூடி ஆராய்தலால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும் என்றும், தான் பிறர்க்கு விரித்துரைக்கும் வழியே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துள் வரையறுத்தார். ஆசிரியர்க்குக் காற்பங்கே வைத்தமை கண்டு இக்காலத்தார் சிலர் வியப்புறுவர். மடங்களில் இருந்து பயின்றார்க்கு அதில் வியப்பொன்றுமில்லை. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) பாடஞ் சொல்லிய காலத்தில், மூத்த மாணாக்கர் இளையார்க்குப் பாடஞ் சொல்லுதலும், கேட்டதனைத் தம்முட் கூடியிருந்து சிந்தித்தலும் வழக்கமாயிருந்தன. ஐயம் என்பது தனித்திருக்குங்கால் எளிதிற் பிறப்பதன்று. தான் கொண்ட பொருளினும் வேறுபட்ட பொருளைப் பிறனொருவன் கூறக் கேட்டவழியே அது பெரிதும் பிறக்கும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கனுள் முதலிரண்டிற்கும் நடுவே உடன்பயில்வார் கூட்டம் ஒரு பாலம்போல நிற்பது.

இவ்வுடன்பயில்வார் பங்குதான் இக்காலத்துச் சைவர் பலர்க்கு வாயாது போயிற்று. திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்க. திருவாலங்காடு, திருப்பாசூர், திருவெண்பாக்கம், திருக்கள்ளில் எனப் பாடல் பெற்ற தலங்கள் பல பொருந்திய நிலம் அது. காரைக்காலம்மையார் தலையால் நடந்து சென்று கூத்தப்பிரான் திருவடிக்கீழ் அமர்ந்த இடம் அந்நிலத்தில் உள்ளது. ஆயினும், ஆதீனங்கள் செழித்த சோழநாட்டிற்கு அது நூறு கல்லுக்கு மேற்பட்ட தொலைவினது. ஆதீனங்கள் பல ஊர்களில் நடத்திவரும் சித்தாந்தப் பயிற்சி வகுப்புக்கள் பெருந்துணையேயாம். எனினும் அவை நாடோறும் நிகழ்வன அல்ல. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு முறைப்பணி செய்து விடியலில் வீடு திரும்பும் அன்பர் ஒருவர், சிவஞானசித்தியார்ச் சுபக்கத்துள் ஒரு திருவிருத்தத்தை ஓதி அதன்கண் ஐயுற்றாராயின், அவ்வையத்தை யார்பாற் கொண்டு செல்வர்? நூல் கையிலுண்டு, உரையும் உண்டு. 'இவ்விடத்துக்கு நீர் எவ்வாறு பொருள் கொண்டீர்?' என்று வினவுதற்கு அயலில் ஓர் ஆள் இல்லை.

ஆராய்ச்சியாளர் பலர் கூடி மின்மடல் வாயிலாகக் கருத்துரையாடும் குழுக்கள் இக்குறையை ஒருவாறு நீக்கவல்லன. அவற்றின் அமைப்பு மிக எளிது. குழுவிற்கெனப் பொதுமுகவரி ஒன்றிருக்கும். அதற்கு ஒருவர் விடுக்கும் மடல் குழுவிற் சேர்ந்தார் அனைவர்க்கும் ஒருங்கே செல்லும். விடை கூற வல்லார் அம்முகவரிக்கே விடை விடுப்பர். அதுவும் அனைவர்க்கும் செல்லும். வினவியவர் ஒருவராயினும் கேட்போர் பலராதலின், வாய் திறவாது ஓரத்திலமர்ந்திருந்தாரும் பயன்பெறுவர். மடத்துத் திண்ணையின் இயல்பும் இதுவேயன்றோ. வேறுபாடு ஒன்றுண்டு: திண்ணையிற் பேசியது காற்றோடு போகும், மடலில் எழுதியது களஞ்சியத்திற் சேர்ந்து நிற்கும். இவ்வேறுபாட்டின் விளைவு பின்னர்க் காட்டப்படும்.

தொலைவிலிருந்தாரோடும் புறச்சமயத்தாரோடும் கூடி நூலாராய்தல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. திருவாவடுதுறை மடத்திற் பயின்ற உ. வே. சாமிநாதையரவர்கள் 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணத்திற் சேலம் இராமசுவாமி முதலியாரால் தூண்டப்பெற்றுச் சீவகசிந்தாமணியை ஆராயப் புகுந்தபொழுது, அவர்தம் மடத்துக் கல்வி முழுவதும் ஓரிடத்தில் வந்து முட்டி நின்றது. சைன சமயக் கொள்கைகள் அவர்க்கு விளங்கவில்லை. அவர் செய்தது யாது? அவ்வூரிலிருந்த சைனர் இல்லங்களை நாடிச் சென்று அவர்தம் வழிபாட்டையும் மரபையும் வினவி வினவி அறிந்தார். அந்நூலைப் பரம்பரையாக ஓதுவாரும் கேட்பாரும் அவர்களே. 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பின் தெளிவிற்கு அவ்வினாக்கள் ஒரு பெருங்காரணம். பதிப்பு வெளிவந்தபின், 1891-ஆம் ஆண்டளவிற் பாரிசு நகரப் பேராசிரியர் சூலியன் வின்சோன் தமிழில் அவர்க்கு மடல் விடுத்தார். ஐயரவர்கள் அந்நகரத்து நூல்நிலையத்திலுள்ள தமிழ் ஏடுகளைப் பற்றி விடைமடலில் வினவ, அவரும் எழுதினார். கப்பலிற் சென்று மீண்ட அம்மடல்களை இக்காலத்துக் குழுமடல்களின் முன்னோர் எனலாம். அன்று இருவர்க்குள் நிகழ்ந்ததனை இன்று நூற்றுவர் ஒருங்கே காண்கின்றனர். கழிந்த திங்கள்கள் நொடிகளாயின.

கணிப்பொறி வழியே இவ்வகைக் கூட்டம் தொடங்கியதும் நெடுங்காலத்துக்கு முன்னரே. இந்தியப் பழங்கலைகளை ஆராய்வார்க்கென 'இண்டாலஜி' என்னும் மடற்குழுவை டொமினிக் வுஜாஸ்டிக் என்னும் வடமொழி ஆராய்ச்சியாளர் 1990-ஆம் ஆண்டில் தோற்றுவித்தார். வடநூலாரே அதில் மிக்கிருந்தாராயினும், சைவாகமங்களும் தமிழ் நூல்களும் அங்கே பலகாற் பேசப்பட்டுள்ளன. பழைய மடல்களை எவரும் தேடிப் படிக்கலாம். தமிழர்க்கென எழுந்தவற்றுள் முன்னதாக எண்ணத்தக்கது, 1990-களின் நடுவிற் சிட்னி நகரிலிருந்து பாலா பிள்ளை நடத்திய 'தமிழ்.நெட்' குழு. மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பல நாட்டுத் தமிழர் அதில் ஒருங்கு கூடினர்.

தொடக்கத்தே அவர்கள் பட்ட இடர் சைவர் அறியத்தக்கது. தமிழெழுத்தைக் கணிப்பொறியில் அனுப்பப் பொதுமுறை அன்றில்லை. உரோமன் எழுத்தாற் றமிழை எழுதினர். அவ்வெழுத்தில் லகர ழகர ளகரங்களும், ரகர றகரங்களும், நகர ணகர னகரங்களும் மயங்கும். 'தளை நீக்கம்' என்று சித்தாந்தி எழுதினால் 'தலை நீக்கம்' என்று படிப்பார் படிப்பர். உயிரின் பாசத்தை அறுக்கப் புகுந்தவர் உயிரின் தலையையே அறுத்தாராக முடியும். ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவைக் கொண்டமையால், ஒருவர் விடுத்த தமிழ் மற்றவர் திரையிற் பொருளற்ற கோடுகளாகத் தோன்றியதும் உண்டு. இவ்விடரைத் தீர்க்கும் பொதுக் குறியீட்டு முறை ஒன்றனையும் மடற்குழுவினரே தம்முள் உரையாடி உரையாடி உருவாக்கினர். 'திஸ்கி' எனப்பட்ட அம்முறை 1990-களின் பிற்பகுதியில் எழுந்தது. 1999 பிப்ரவரியிற் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அவ்வாண்டே தமிழ்நாட்டரசு விசைப்பலகை முறையையும் வேறு குறியீட்டு முறைகளையும் ஏற்றறிவித்தது. 2000-ஆம் ஆண்டிற் சிங்கப்பூர் மாநாட்டையொட்டி 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிப் பொருள்தோறும் பணிக்குழுக்கள் வகுத்தது. இன்று அனைத்தும் ஒருங்குறியில் அடங்கிவிட்டமையால், எழுத்து மயக்கம் என்னும் பேச்சே இளைஞர்க்குக் கதைபோலிருக்கும்.

சைவர்க்கு இவையனைத்தினும் நெருக்கமானது மதுரைத் திட்டம். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையிலும், அமெரிக்காவிலிருந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் துணைத்தலைமையிலும், மடற்குழுவிற் பழகிய அன்பர்களால் அது தொடங்கப்பெற்றது. தமிழிலக்கியங்களைத் தட்டெழுதிப் பிழைதிருத்தி, ஊதியமும் விலையுமின்றி உலகிற்கு வழங்குதல் அதன் நோக்கம். ஒருவர் தம் இல்லத்திருந்து தட்டெழுதுவார். வேறொரு கண்டத்திருக்கும் மற்றொருவர் மெய்ப்பு நோக்குவார். இருவரும் ஒருவரையொருவர் நேரிற் கண்டிருத்தல் அரிது. நூலின் முகப்பில் அவ்விருவர் பெயரும் இடம்பெறும். திருவாசகமும் திருமந்திரமும் அதன் தொடக்க ஆண்டுகளிலேயே வெளிவந்தன. திருமுறைகள், மெய்கண்ட சாத்திரங்கள், குமரகுருபர அடிகள் நூல்கள் முதலியனவும் வெளிவந்தன. ஈழத்தவர் நூல்களைக் காக்க 2005-ஆம் ஆண்டு முதல் 'நூலகம்' என்னும் திட்டம் உழைத்து வருவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியுண்டமையை அறிந்தார்க்கு அவ்வுழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இங்கே ஓர் உண்மையை மறையாது கூறல் வேண்டும். இத்திட்டங்களில் உழைத்தவருட் பலர் பொறியியலும் வேதியியலும் கற்றோர். தமிழார்வமே அவர்தம் முதல். முறையாகப் பாடங் கேட்ட புலவரும், சாத்திரம் பயின்ற சைவரும் அவர் நடுவே போதிய அளவிற் காணப்பட்டிலர். கணிப்பொறி தமக்கு ஆகாதென்று ஒதுங்கினார் சிலர். நூலைத் திரையிற் படிப்பதே இழுக்கென்று எண்ணினார் சிலர். இவ்வாறொதுங்குவதால் நேரும் கேடு யாதெனின், திருத்தம் பெறாத பாடம் உலகெங்கும் பரவுதலேயாம். அச்சுநூலில் ஒரு பிழை அப்பதிப்பளவில் நிற்கும். மின்னூற் பிழையோ, ஒருவர் படியெடுக்க அவரிடமிருந்து ஆயிரவர் படியெடுக்க, மூலத்திற் றிருத்திய பின்னும் கிளைகளில் வாழ்ந்துகொண்டேயிருக்கும்.

பிழை எவ்வாறு புகுகின்றது என்பதனை நோக்கினால், பழம்புலவர்க்கே அதனைக் களையும் ஆற்றல் மிகுதி என்பது புலனாம். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில், ணா, றா, னா என்பனவும் ணை, லை, ளை, னை என்பனவும் வேறு வடிவின. அவ்வடிவங்களைப் பள்ளியிற் காணாத இளைஞர் தட்டெழுதுங்கால் அவற்றைப் பிறவெழுத்தாகக் கொள்வது இயல்பே. செய்யுளெண்ணைக் குறித்த தமிழ் எண்களாகிய க, உ என்பவற்றைச் செய்யுளின் முதற்சொல்லாகச் சேர்த்தெழுதுவாரும் உளர். கணிப்பொறி தானே படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் முறை வந்தபின் ரகரமும் காலும் மயங்குதல் மிகுந்தது. ஏட்டுச்சுவடி படித்தார்க்கு இவையெல்லாம் பழகிய பகைவர். ஏட்டிற் புள்ளியில்லை, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றே, ரகரமும் காலும் ஒன்றே. 'பொது' என்று எழுதியிருப்பது தில்லைப் பொதுவோ, மலராகிய 'போது'வோ என்பதனை யாப்பும் இடமும் நோக்கித் துணிதல் ஏடு படிப்பார் நாடோறும் செய்த தொழில். எதுகையும் மோனையும் தளையும் காட்டிக்கொடுக்கும் பிழையைக் கணிப்பொறி கற்றார் காணமாட்டார். காதாற் பாடங் கேட்டார் படித்த மாத்திரத்தே காண்பர். ஒரு பக்கத்தை ஒரு பழம்பதிப்போடு ஒத்து நோக்கி, இன்ன அடியில் இன்ன சொல் இவ்வாறிருத்தல் வேண்டும், இன்னார் இன்ன ஆண்டிற் பதிப்பித்த நூலில் இவ்வாறுள்ளது என்று மூன்று வரியில் ஒரு மடல் எழுதுதல், ஒரு கட்டுரை எழுதுதலினும் பெரும்பயன் தரும்.

இனி, குழுவிற் சேருமாறு. சேர விரும்புவார் குழுவின் நடத்துநர்க்குத் தம் பெயரும் தம் பயிற்சியும் குறித்து ஒரு சிறு மடல் விடுத்தல் வேண்டும். ஆராய்ச்சிக் குழுக்களிற் புனைபெயர்க்கு மதிப்பில்லை. இன்ன ஊரினர், இன்ன நூல்கள் இன்னாரிடம் பாடங் கேட்டவர் என்று எழுதினால் போதும். பட்டங்களை அடுக்க வேண்டா. மடல்கள் நாடோறும் பலவாக வருமாயின், அவற்றை ஒருநாளைக்கு ஒரே தொகுப்பாகப் பெறவும் பெரும்பாலும் வசதி உண்டு. வேலை மிக்கார்க்கு அது நலம். சேர்ந்தவுடனே எழுதப் புகுதல் ஆகாது. ஒரு திங்களேனும் படித்திருந்து, அங்கே யார் எத்துறையில் வல்லார், எப்பொருள் பேசப்படும், எது பேசப்படாது என்பதனை அறிதல் வேண்டும். அவைக்கு முதன்முறை செல்வான் ஒருவன் அவையின் நிலை அறிந்து பேசுதல் வேண்டும் என்பதனைத் திருவள்ளுவர் இரண்டு அதிகாரங்களில் விரித்தமை இவ்விடத்தும் பொருந்தும்.

நன்னூலார் மாணாக்கரை அன்னம் முதலாக நெய்யரி ஈறாக உவமித்த பகுதியை மடற்குழுவில் நின்று படித்தால், அது நேற்று எழுதப்பட்டதோ என்று தோன்றும். ஒரு செடியிலும் நின்று மேயாது நுனி நுனியாகக் கடித்துச் செல்லும் ஆட்டைப்போல, ஒரு பொருளிலும் நில்லாது பத்துப் பொருளில் ஒவ்வொரு வரி எழுதிச் செல்வார் உளர். தெளிந்த குளத்திற் புகுந்து கலக்கும் எருமைபோல, நடுவே நுழைந்து சாதியையும் கட்சியையும் இழுத்துவிட்டுப் போவார் உளர். நெய்யைக் கீழே விட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரிபோல, நூறு நல்ல விடைகளை மறந்து ஒருவர் செய்த எழுத்துப்பிழையை மட்டும் நெஞ்சிற் கொள்வாரும் உளர். சொல்லியதையே சொல்லும் கிளிகள் தீங்கற்றவை. அவை மிகுந்தால் மடற்பெட்டி நிரம்பும், அவ்வளவே.

வினவுதல் ஒரு கலை. சித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் இரண்டு நூல்கள் வினாவடிவின என்பதனைச் சைவர் மறத்தலாகாது. அருணந்தி சிவாசாரியார் தம் ஆசிரியராகிய மெய்கண்டாரை முன்னிலைப்படுத்திக் கேட்ட இருபா இருபஃது ஒன்று. உமாபதி சிவாசாரியார் மறைஞானசம்பந்தரை வினவுவதாக அமைந்த வினாவெண்பா மற்றொன்று. இவற்றுள் ஒரு வினாவேனும் 'இதன் பொருள் யாது?' என்று வெறிதே நிற்பதில்லை. இன்னது கூறப்பட்டது, அதனோடு இன்னது முரணுவது போலத் தோன்றுகிறது, ஆகவே இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்று தம் அறிவு சென்ற எல்லையைக் காட்டி, அதற்கப்பாலுள்ளதனையே வினவுவர். மடற்குழுவில் வினவுவாரும் அவ்வாறே செய்தல் தகும். ஆணவமலத்தைப் பற்றி விளக்குக என்று ஒருவர் எழுதினால், அறிந்தார் ஒருவரும் விடை கூறார். சோம்பலுக்குத் துணைபோக எவரும் விரும்பார். இன்ன நூலில் இன்ன செய்யுளுக்குச் சிவஞான முனிவர் உரை இவ்வாறு, பிறருரை இவ்வாறு, இரண்டிற்கும் வேறுபாடு இன்ன சொல்லைப் பற்றி எழுகிறது என்று எழுதினால், உடனே நால்வர் விடை விடுப்பர். அவ்வாறு எழுதப் புகுங்கால், பாதி வினாக்கட்கு விடை தாமே தோன்றிவிடுதலும் உண்டு. முன்னர் இப்பொருள் பேசப்பட்டதோ என்று பழமடற் களஞ்சியத்தைத் தேடிப் பார்த்தபின் வினவுதல் பிறர் பொழுதைக் காக்கும். ஒரு பொருளில் வந்த மடலுக்கு விடை எழுதுங்கால் வேறொரு பொருளைத் தொடங்குதலும், முன்மடல் முழுவதையும் அடியில் தொங்கவிட்டு ஒரு சொல் மட்டும் எழுதுதலும், ஒருவர்க்கே உரிய நன்றிமொழியை அனைவர்க்கும் விடுத்தலும் சிறு குற்றங்கள். சிறியவாயினும் அயர்ச்சி தருவன.

விடை கூறுதலிலும் மறுத்தலிலும் சித்தாந்த ஆசிரியர் வகுத்த நெறி இன்றும் பழுதுபடாதது. சித்தியாரிற் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னும் நிற்றல் எதனாற்றோன்றியது? மறுக்கப்படும் கொள்கையை அக்கொள்கையுடையானே ஒப்புமாறு முதலிற் கூறி, அதன்பின்னரே மறுக்கப் புகுதல் அறநெறி என்பதனாலன்றோ. சகம் 1235, அஃதாவது 1313-ஆம் ஆண்டில் எழுந்த சங்கற்ப நிராகரணத்தில், ஒரு வாதியின் கூற்றை அடுத்த வாதி மறுக்க, அவன் கூற்றை அவனுக்கடுத்தான் மறுக்க, வாதங்கள் தொடர்ந்து செல்லும். எந்த வாதியும் தன் கருத்தைக் கூறும் வாய்ப்பின்றி மறுக்கப்படுவதில்லை. சங்கற்பம் நிறுவப்பட்ட பின்னரே நிராகரணம். மடற்குழுவிற் சினம் மூளுதற்குப் பெருங்காரணம், எதிரி எழுதியதைப் படியாது எழுதியிருப்பான் என்று நினைத்ததற்கு விடை எழுதுதலே. 'நீர் கூறியது இதுவென்று கொண்டேன், சரிதானா?' என்னும் ஒரு வரி பல பூசல்களைத் தடுக்கும்.

பூசல் சைவருலகிற்குப் புதியதென்று கூறுவாரும் இலர். சிவஞான முனிவர் 'எடுத்து' என்னும் ஒரு சொல்லைக் காத்தற்கு 'வைரக்குப்பாயம்' என்று ஒரு நூலே இயற்றினார். அது வன்மையுடையதாயினும் இலக்கண ஆராய்ச்சியின் எல்லையுள் நின்றது. இன்றும் படித்துப் பயன் கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருட்பா மருட்பாப் போரோ வேறுவகையினது. 1867-ஆம் ஆண்டில் இராமலிங்க அடிகள் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தபின் மூண்ட அது, மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. 1874-இல் அடிகளும் 1879-இல் நாவலரவர்களும் மறைந்த பின்னரும் அவர்தம் சார்பினர் கண்டன நூல்கள் அச்சிட்டுக்கொண்டேயிருந்தனர். அவற்றுள் நூலாராய்ச்சி எத்துணை, வசை எத்துணை என்று நிறுத்துப் பார்ப்பார்க்கு வருத்தமே மிகும். ஒரு கண்டனம் எழுதி அச்சிட்டு வெளியிடத் திங்கள் கழிந்த காலத்திலேயே அத்துணை வெம்மை எனின், எழுதிய நொடியிற் செல்லும் மடலில் எத்துணை எழும்? சினந்து எழுதிய மடலை ஓரிரவு வைத்திருந்து காலையிற் படித்துப் பார்த்தல் நன்று. களஞ்சியத்திற் சேர்ந்த மடல் எழுதினவர்க்குப் பின்னும் வாழ்வது.

அறிந்தார் பேசுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்றாம். கிரந்த எழுத்தை ஒருங்குறியிற் சேர்க்க வேண்டும் என்னும் முன்மொழிவுகள் 2010-ஆம் ஆண்டையொட்டி எழுந்தபொழுது, தமிழ்ச் சிறப்பெழுத்துக்களும் எகர ஒகரக் குறில்களும் அத்தொகுதியில் இடம்பெறலாமோ என்பது பற்றி மடற்குழுக்களிற் பெருவாதம் நிகழ்ந்தது. தமிழுக்குக் கேடு வருமென்று அஞ்சினார் ஒருபுறம். பழஞ்சுவடிகளை உள்ளவாறே பதிக்க அவ்வெழுத்து வேண்டுமென்றார் மற்றொருபுறம். அவ்வாண்டின் இறுதியில் தமிழ்நாட்டரசின் வேண்டுகோளால் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் ஒருங்குறியின் ஏழாம் பதிப்பிற் கிரந்தம் இடம்பெற்றது. இவ்வாதத்தில் எப்பக்கம் சார்வதாயினும், சைவர்க்கு இது நேர்ப்பொருள். காமிகம் முதலிய ஆகமங்கள் சென்னையில் முதலில் அச்சேறியது கிரந்த எழுத்திலேயே. 2005-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்த புதுச்சேரிச் சைவச் சுவடிகளுட் பெரும்பாலானவையும் அவ்வெழுத்தினவே. பத்ததி ஏடுகளைக் கையாண்ட சிவாசாரியர்கள், அவற்றில் எவ்வெழுத்து எவ்வாறு வரும் என்று நேர்ச்சான்று கூறத்தக்கவர்கள். அவ்வாதத்திற் கணினி வல்லுநர் குரலும் அரசியலார் குரலும் கேட்ட அளவிற்கு அவர் குரல் கேட்டிலது.

எல்லாவற்றையும் குழுவில் எழுதலாமோ எனின், ஆகாது. தீக்கை முறைகளும், ஐந்தெழுத்தின் ஓதுமுறை வேறுபாடுகளும், ஆசிரியன் மாணாக்கனது பக்குவம் நோக்கி நேரிற் கூறுதற்குரியன. யார் எந்நிலையில் நின்று படிக்கின்றார் என்பது குழுவில் தெரியாது. உடன்பயில்வார் கூட்டம் காற்பங்கே என்ற நன்னூலார் வரையறையை இருபுறமும் காக்க வேண்டும்: அதனை இழந்தாலும் குறை, அதனையே முழுதாகக் கொண்டாலும் குறை. ஆனால் இம்மறைபொருள் என்னும் பெயரால் நூல்களையே மூடிவைத்தல் வேறு. சிவஞான மாபாடியம் நெடுங்காலம் மடத்தினுள்ளேயே போற்றப்பட்டு இருபதாம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. அச்சேறியதனால் அதன் பெருமை குன்றவில்லை. கற்பார் தொகை பெருகியது.

கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ இருக்கும் அன்பர் ஒருவர், தமக்கு அத்துணைப் புலமை இல்லையே, குழுவிற் சேர்ந்து யாது செய்வது என்று தயங்கவேண்டுவதில்லை. வெளிநாட்டிலுள்ள பேராசிரியர் ஒருவரால் இயலாததொன்று அவரால் இயலும்: நேரிற் சென்று பார்த்து எழுதுதல். சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணொளி இழந்து வந்து ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கத்தை நிலப்படத்திற் றேடுவார் பலர் மயங்குவர். பழைய கோயில் இருந்த இடம், 1944-ஆம் ஆண்டிற் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது நீர்ப்பரப்பினுள் அகப்பட்டது. இன்றுள்ள கோயில் கரையிற் பெயர்த்தமைத்தது. தேவாரத்தில் வரும் வருணனையைக் கொண்டு தலத்தின் நிலவமைப்பை ஆராய்வார்க்கு இச்செய்தி இன்றியமையாதது.

திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் அத்தகையன. 1905-ஆம் ஆண்டளவிற் கிடைத்த அம்முப்பத்தோரு ஏடுகள், முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டிற் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்தமையைக் கூறுவன. 1920-ஆம் ஆண்டிற் றென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சாயின. சோழர் வழிமுறைக்காக அவற்றின் வடமொழிப் பகுதியைப் படித்தார் பலர். ஊரின் எல்லைகளை வரையறுக்கும் தமிழ்ப் பகுதியைக் கையிற் கொண்டு, அதில் வரும் அயலூர்ப் பெயர்கள் இன்று எவ்வாறு வழங்குகின்றன, எல்லையாகக் கூறிய இடங்களிற் கண்ணுக்குத் தெரிவன எவை என்று பழையனூரில் நடந்து பார்த்துக் குழுவிற்கு எழுதுதல், அவ்வூரின் அயலிலிருப்பார்க்கே எளிது. வரிவரியாக அச்சான பாடம் ஒருபுறமும், உழவர் வாயிற் கேட்ட பெயர் மறுபுறமும் வைத்து ஒரு மடல் சென்றால், அதற்கு விடை பாரிசிலிருந்தும் வரும், புதுச்சேரியிலிருந்தும் வரும்.